சமையற்காரர் இருமினார், வீட்டில் மூவருக்குக் காய்ச்சல்: சோற்றில் வந்ததா?

கல்லடிப்பாலம் | புதன், காலை 6.40

வணக்கம். கேள்வி சிறியதுதான். வீட்டுக்குள் அது சண்டையாகிவிட்டதால் இங்கே கொண்டுவருகிறேன்.

சென்ற ஞாயிறு நாங்கள் புதுவீடு குடிபுகுந்தோம். தை பிறந்துவிட்டது, மழை ஓய்ந்திருக்கும் என்று நம்பி நாள் வைத்தோம். பால் காய்ச்சும்போது பிடித்த மழை பின்னேரம் நான்கு மணிக்குத்தான் விட்டது. முற்றத்துப் பந்தலில் ஒருவராலும் இருக்க முடியவில்லை. ஏறக்குறைய எழுபது பேர் வீட்டுக்குள்ளேயே, யன்னல்களையும் சாத்திக்கொண்டு, பந்தி பந்தியாகச் சாப்பிட்டார்கள். சமையல் பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் நடந்தது. சமைத்தவர் எங்கள் பக்கத்து விசேஷங்களுக்குப் பல வருடங்களாக வரும் ஒரு பெரியவர். அன்று காலையிலிருந்தே அவர் இருமிக்கொண்டிருந்தார். கிடாரத்துக்கு மேல் குனிந்து அகப்பையால் கிண்டும்போதும் இருமினார். என் மாமி அதைக் கண்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை விடிய மாமிக்கும் எனக்கும் எட்டு வயது மகனுக்கும் காய்ச்சல். உடம்பெல்லாம் உளைவு, வறட்டு இருமல். அதற்கு முன்பே, ஞாயிறு இரவு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூவரும் சத்தி எடுத்தார்கள். அவர்களும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டைத்தான் சாப்பிட்டார்கள்.

"வருத்தக்காரன் கை பட்ட சோறு" என்று மாமி முடிவுகட்டிவிட்டார். சமையற்காரருக்குக் கொடுக்கவேண்டிய மீதிக் கூலியையும் நிறுத்தச் சொல்கிறார். தடிமன், காய்ச்சல் எல்லாம் சாப்பாட்டின் வழியாகப் பரவுமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வாவிமீன் | புதன், காலை 7.05

கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள். கூலியையும் கொடுத்துவிடுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் அடுத்த விசேஷத்துக்கு எழுபது பேருக்கும் நீங்களே கிடாரம் கிண்ட வேண்டும். அதற்கு இந்தக் காய்ச்சலே பரவாயில்லை.


பழுகாமத்தான் | புதன், காலை 7.31

பரவும். நான் கண்ணால் கண்டிருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் தும்மிக்கொண்டே ஒரு பை நிறைய உளுந்து வடை கொண்டுவந்து எல்லோருக்கும் கையால் எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் எங்கள் பிரிவில் பாதிப்பேர் லீவு. வடை சாப்பிடாத ஒருவர் மட்டும் தப்பினார். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?


விடுதித்தாதி | புதன், காலை 8.15

இரவு வேலை முடிந்து வந்து எழுதுகிறேன். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழுகாமத்தான் அண்ணா, அந்த வடைக்காரர் பையை வாசலில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாரா, அல்லது உங்களோடு அன்று முழுவதும் இருந்து வேலை செய்தாரா?


பழுகாமத்தான் | புதன், காலை 8.22

இருந்தார். குளிரூட்டிய அறைதான். வடை சாப்பிடாதவர் வெளிவேலைக்குப் போயிருந்தார் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. வடையை விட்டுவிடுகிறேன்.


விடுதித்தாதி | புதன், காலை 8.50

நன்றி அண்ணா. பெரும்பாலானோர் கவனிக்காமல் விடுகிற இடம் அதுதான். வருத்தக்காரர் தந்ததைச் சாப்பிட்டோம் என்பது மனதில் நிற்கும். அவரோடு ஒரே காற்றைச் சுவாசித்தது மனதில் நிற்காது.

கல்லடிப்பாலம் அக்கா சொல்லும் குறிகள் இன்புளுவென்சாவைப் போல, அதாவது ஃபுளுவைப் போல, இருக்கின்றன. அந்த வைரஸ் மூக்கிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் ஒட்டிப் பெருகுவது. நோயாளி இருமும்போது, தும்மும்போது, பேசும்போதுகூட நுண்துளிகள் வெளியே வருகின்றன. ஏறக்குறைய ஆறடிக்குள் இருப்பவர் அவற்றை மூச்சோடு இழுத்தால் தொற்றிவிடும். காற்றோட்டம் இல்லாத அறையில் மிகச் சிறிய துளிகள் இன்னும் சற்று நேரம் மிதந்துகொண்டிருக்கும். சோற்றோடு விழுங்கிய வைரஸ் போய்ச் சேரும் இடம் இரைப்பை. அங்குள்ள அமிலத்தில் அது தாக்குப்பிடிப்பது கடினம். கொழுப்பாலான மெல்லிய உறை ஒன்றைப் போர்த்திக்கொண்டிருக்கும் வைரஸ் இது. அந்த உறை சவர்க்காரத்திலும் கரையும், சூட்டிலும் குலையும். கொதித்துக்கொண்டிருக்கும் சாம்பாருக்குள் இருமல் துளி விழுந்தது என்றால் எனக்கும் அருவருப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சாம்பாரால் உங்களுக்கு இன்புளுவென்சா வராது.

கைகளை மட்டும் கவனியுங்கள். மூக்கைத் துடைத்த கையால் கரண்டிப் பிடியைத் தொட்டு, அதே பிடியை அடுத்தவர் தொட்டு, பிறகு கண்ணையோ மூக்கையோ தேய்த்தால் தொற்ற வாய்ப்பு உண்டு. 1982இல் வெளிவந்த ஆய்வொன்றில் இந்த வைரஸ் எவர்சில்வர், பிளாஸ்டிக் போன்றவற்றில் 24 முதல் 48 மணிநேரம் உயிரோடிருந்தது. துணியிலும் காகிதத்திலும் 8 முதல் 12 மணிநேரம். கையில் ஐந்து நிமிடம்தான். ஆகவே பந்தியில் நான் பார்ப்பது சோற்றை அல்ல, எல்லோர் கையும் மாறிமாறிப் படும் அகப்பைப் பிடியையும் தண்ணீர்ச் செம்பையும்தான். அதுவும் மூச்சுக் காற்றுக்கு அடுத்தபடிதான்.

கல்லடிப்பாலம் அக்கா, ஒன்றை மறக்கவேண்டாம். இது மழைக்காலம், எங்கள் மாவட்டத்தில் டெங்கு இருக்கிறது. இருமலும் தடிமனும் இருந்தால் இன்புளுவென்சா என்று நினைக்கத் தோன்றும். ஆனாலும் காய்ச்சல் மூன்றாம் நாளும் நிற்காவிட்டால் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அதுவரை பெனடோல் (பரசிற்றமோல்) மட்டும் போதும், வேறு நோக்குளிசைகள் வேண்டாம். மகனுக்கு நிறைக்கேற்ற அளவு கொடுங்கள். மாமிக்குச் சீனி வருத்தம் இருந்தால் காத்திருக்காமல் இன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.


சாய்ந்தமருதுக்காற்று | புதன், காலை 9.40

அஸ்ஸலாமு அலைக்கும். தாதித் தங்கச்சி, விளக்கத்துக்கு நன்றி. எனக்கும் ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் கல்யாணம், கந்தூரி என்றால் சஹன் சாப்பாடுதான். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்ந்து ஒன்றாகக் கையால் உண்போம். சென்ற மாதம் என் சஹனில் ஒருவருக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. எழுந்து போக வெட்கம், இருக்கப் பயம். நீங்கள் சொல்வதுபோல் சோற்றில் பரவாது என்றால் நான் வீணாகவா பயந்தேன்?


விடுதித்தாதி | புதன், காலை 10.02

பயந்தது சரி நாநா. சோற்றுக்காக அல்ல. சஹனில் முகத்துக்கும் முகத்துக்கும் இரண்டடிகூட இருக்காது. எல்லோரும் குனிந்து, கதைத்து, சிரித்து அரைமணிநேரம் இருப்பீர்கள். ஆளுக்கொரு தட்டு வைத்தாலும் அப்படி நெருங்கியிருந்தால் இன்புளுவென்சாவுக்கு வித்தியாசம் அதிகமில்லை. எச்சில் பட்ட கை ஒரே தட்டில் படுவதால் வேறு வருத்தங்கள் வர இடமுண்டு, அது தனிக்கதை. இனி மூக்கு ஒழுகுகிறவருக்குத் தனித்தட்டில் வைத்து, சற்றுத் தள்ளி, காற்றுப்படும் இடத்தில் இருத்துங்கள். அது அவருக்கும் மரியாதைதான்.


சாய்ந்தமருதுக்காற்று | புதன், காலை 10.10

எங்கள் பக்கம் நாநா என்பதில்லை, காக்கா என்போம். மற்றபடி ஏற்றுக்கொண்டேன்.


விடுதித்தாதி | புதன், காலை 10.12

மன்னியுங்கள் காக்கா.


ஆரையம்பதி ஆசிரியை | புதன், நண்பகல் 12.30

மாமியின் பக்கமும் ஒருவர் பேசவேண்டும். சமையற்காரர் கையால் நோய் பரவியது சரித்திரத்தில் இல்லாததா? நியூயோர்க்கில் மேரி மலோன் என்ற சமையற்காரி இருந்தார். 1906ஆம் ஆண்டுக் கோடையில் அவர் சமைத்த ஒரு வீட்டில் பதினொரு பேரில் ஆறு பேருக்கு நெருப்புக்காய்ச்சல் (டைபொயிட்) வந்தது. அவருக்கு ஒரு குறியும் இல்லை, ஆனால் கிருமி அவருடைய உடம்பில் இருந்தது. பிடித்து ஒரு தீவில் தனியே வைத்தார்கள். இனிச் சமைப்பதில்லை என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டு 1910இல் விட்டார்கள். பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி அடுப்படிக்குப் போனார். 1915இல் ஒரு மகப்பேற்று மருத்துவமனையில் 25 பேருக்கு நோய், இருவர் இறந்தார்கள். நோயாளி சமைக்கக்கூடாது என்று மாமி சொல்வதில் என்ன பிழை?


ஓய்வுபெற்ற பரிசோதகர் | புதன், பிற்பகல் 2.15

பொதுச் சுகாதாரப் பரிசோதகராக முப்பது வருடத்துக்கு மேல் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் திரிந்தவன் நான். மத்தியானத் தூக்கத்தை விட்டு எழுதுகிறேன், கவனமாக வாசியுங்கள்.

ஆசிரியை சொன்ன கதை உண்மை. ஆனால் நெருப்புக்காய்ச்சல் குடலில் வாழும் பாக்டீரியாவால் வருவது. மலத்தில் இருந்து கழுவாத கைக்கும், கையிலிருந்து உணவுக்கும், உணவிலிருந்து அடுத்தவர் குடலுக்கும் போகும். மஞ்சட்காமாலை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ-யும் அதே பாதைதான். அவற்றுக்குச் சோறு வாகனம். இன்புளுவென்சாவுக்கு வாகனம் மூச்சு. இரண்டையும் "காய்ச்சல்" என்று ஒரே பெயரில் அழைப்பதால் வரும் குழப்பம் இது. நம்மவர்கள் இப்போது எதற்கெடுத்தாலும் "வைரஸ் காய்ச்சல்" என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள் டெங்கும் கிடக்கிறது, இன்புளுவென்சாவும் கிடக்கிறது. கிருமி விஷயத்தில் பொதுப்பெயர் சொல்வது, யார் அடித்தது என்று கேட்டால் "ஒரு மனிதன்" என்று பதில் சொல்வதைப் போன்றது.

நான் விசாரணைக்குப் போனால் முதலில் கேட்பது என்ன சாப்பிட்டீர்கள் என்றல்ல, எத்தனை மணிக்கு என்றுதான். ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு கடிகாரம் இருக்கிறது. இன்புளுவென்சா தொற்றியபின் தலைகாட்ட ஒன்று முதல் நான்கு நாள், பெரும்பாலும் இரண்டு நாள். மகள், உங்கள் மூவருக்கும் செவ்வாய் விடியக் காய்ச்சல் என்றால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பொருந்துகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதே இரவு சத்தி எடுத்தது இந்தக் கடிகாரத்துக்குள் வராது. ஆக, உங்கள் வீட்டில் நடந்தது ஒன்றல்ல, இரண்டு சம்பவங்கள். இரண்டையும் ஒரு மனிதர் தலையில் கட்டியிருக்கிறீர்கள்.

மூன்று கேள்விகள். பிள்ளைகள் சாப்பிட்டது எத்தனை மணிக்கு, சத்தி எத்தனை மணிக்கு? அந்தச் சாப்பாடு அதுவரை எங்கே இருந்தது? ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே தடிமனோடு உங்கள் வீட்டில் யாராவது இருந்தார்களா?


வாவிமீன் | புதன், பிற்பகல் 2.40

ஐயா, 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் என் மனைவி பூசணிக்காயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். கத்தரிக்காயை வெயிலில் காயவைத்தாள். அதற்கும் ஒரு விசாரணை வைப்பீர்களா?


ஓய்வுபெற்ற பரிசோதகர் | புதன், பிற்பகல் 2.52

பூசணிக்காய்க்கு நட்டமில்லை. அவருடைய கை சுத்தமானது, அது இலாபம்.


கல்லடிப்பாலம் | புதன், மாலை 4.30

ஐயா, பெனடோல் போட்டுக் காய்ச்சல் இறங்கிய நேரத்தில் எழுதுகிறேன். மாமியைச் சீனி கிளினிக் புத்தகத்தோடு இன்று காலையே வைத்தியரிடம் காட்டிவிட்டோம்.

பக்கத்து வீட்டார் விசேஷத்துக்கு வர முடியவில்லை. பகல் இரண்டு மணிக்குச் சோறு, கறி எல்லாவற்றையும் லஞ்ச் சீற்றில் சுடச்சுடக் கட்டி, கூடையில் அடுக்கி அனுப்பினோம். பிள்ளைகள் ரியூஷன் முடிந்து வந்து இரவு எட்டரைக்குத்தான் சாப்பிட்டார்கள். சத்தி பத்தரை, பதினொரு மணிக்கு. மறுநாள் மத்தியானம் மூவரும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். காய்ச்சல் இல்லை. பெரியவர்கள் அந்தப் பார்சலைச் சாப்பிடவில்லை.

மூன்றாவது கேள்விக்கு, அப்படி யாரும் இருக்கவில்லை.


ஓய்வுபெற்ற பரிசோதகர் | புதன், மாலை 5.20

முதல் சம்பவம் முடிந்தது. பகல் இரண்டிலிருந்து இரவு எட்டரை வரை ஆறரை மணிநேரம் இளஞ்சூட்டில் இறுகக் கட்டிய சோறு. இது மட்டக்களப்பில் நான் அதிகம் கண்ட வழக்கு.

சோற்றில் பசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா இருக்கும். அதன் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு ஆறியும் ஆறாமலும் மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சாப்பிட்டு அரைமணிநேரத்திலிருந்து ஆறு மணிநேரத்துக்குள் சத்தி வரும், ஒரு நாளுக்குள் சுகமாகிவிடும். ஸ்டெபிலோகொக்கஸ் என்று இன்னொன்றும் உண்டு. மூக்கிலும் கைப்புண்ணிலும் இருப்பது. அதன் நஞ்சும் இதே வேகத்தில் வேலை செய்யும், அதுவும் சூட்டுக்கு அசையாது. இரண்டில் எதுவானாலும் தப்பு ஒன்றுதான்: சாப்பாட்டை நேரம்கடத்தி வைத்தது. சூடாக வைப்பதானால் 60 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கவேண்டும், குளிராக வைப்பதானால் 5 பாகைக்குக் கீழே இருக்கவேண்டும். இடையில் கூடைக்குள் வைப்பது கிருமிக்குத் தொட்டில் கட்டுவது.

பார்சல் கட்டியவர் யார்?


கல்லடிப்பாலம் | புதன், மாலை 5.41

மாமி.


வாவிமீன் | புதன், மாலை 5.43

இந்த இழையை மாமி வாசிக்கமாட்டார் என்று நம்புவோம்.


தூரதேசம் | புதன், மாலை 6.30

டொரொன்டோவிலிருந்து எழுதுகிறேன், சொந்த இடம் கொக்கட்டிச்சோலைப் பக்கம். இங்கே வயிற்றோட்டமும் சத்தியும் ஒன்றாக வந்தால் இன்புளுவென்சாவின் பெயரையே வயிற்றோடு சேர்த்துச் சொல்வார்கள். "வயிற்று ஃபுளு" என்று என் பிள்ளைகளும் சொல்கிறார்கள். அது சாப்பாட்டில் பரவும் என்று பள்ளியிலிருந்து கடிதமும் வந்தது. அப்படியானால் ஃபுளு சாப்பாட்டில் பரவுகிறதுதானே?


விடுதித்தாதி | புதன், மாலை 7.10

பெயரில் மட்டும்தான் உறவு. நீங்கள் சொல்வது பெரும்பாலும் நோரோ வைரஸ். 1968இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் நோர்வாக் என்ற ஊர்ப் பள்ளியில் பரவியதால் அந்த ஊரின் பெயரே ஒட்டிக்கொண்டது. தொற்றிப் பன்னிரண்டு மணி முதல் இரண்டு நாளுக்குள் சத்தியும் வயிற்றோட்டமும் வரும். சமைப்பவரின் கழுவாத கையால் உணவுக்குள் நன்றாகவே போகும். கொழுப்பு உறை இல்லாத வைரஸ் என்பதால் மதுசார ஜெல் தடவுவது அவ்வளவாக உதவாது, சவர்க்காரமும் தண்ணீரும் வேண்டும். சுகமான பிறகும் இரண்டு கிழமை, சிலவேளை அதற்கு மேலும், மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். சத்தி நின்ற மறுநாளே அடுப்படிக்குத் திரும்பும் சமையற்காரரைப் பற்றித்தான் நான் பயப்படுவேன். இருமுகிறவரைப் பற்றி அல்ல.

சின்னப் பிள்ளைகளுக்கு உண்மையான இன்புளுவென்சாவிலும் சத்தி, வயிற்றோட்டம் வரலாம். அதனால் சத்தி வந்தாலே சாப்பாட்டுக் கோளாறு என்றும் முடிவெடுக்கவேண்டாம்.


செங்கலடிக்கோழி | புதன், இரவு 8.05

வீட்டில் நாற்பது கோழி வளர்க்கிறேன். பறவைக் காய்ச்சலும் இன்புளுவென்சாதானே? அப்படியானால் முட்டை, இறைச்சி?


தூரதேசம் | புதன், இரவு 8.40

இதற்கு நான் சொல்கிறேன், இங்கே இது பெரிய செய்தி. ஆம், அதுவும் இன்புளுவென்சா. 1997இல் ஹொங்கொங்கில் எச்5என்1 வகை 18 பேருக்குத் தொற்றி ஆறு பேர் இறந்தார்கள். அங்கே பிரச்சினை உயிர்க்கோழிச் சந்தை: நோயுற்ற கோழியைப் பிடிப்பது, அறுப்பது, இறகு பிடுங்குவது. உட்புறம்வரை 70 பாகை செல்சியசுக்கு மேல் வெந்த இறைச்சியிலும் முட்டையிலும் வைரஸ் உயிரோடிருக்காது. 2024இல் அமெரிக்காவில் கறவைப் பசுக்களுக்கே இது தொற்றி, காய்ச்சாத பாலில் வைரஸ் நிறைய இருந்தது. அந்தப் பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் செத்தன. காய்ச்சிய பாலில் அது அழிந்துவிடுகிறது. நம் ஊர் எருமைத்தயிருக்குப் பாலைக் காய்ச்சித்தானே உறை ஊற்றுகிறார்கள், அதை நினைத்து எனக்கு இங்கே நாவூறுகிறது.

2009இல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது எகிப்து ஏறக்குறைய மூன்று இலட்சம் பன்றிகளைக் கொல்ல உத்தரவிட்டது. அந்த வைரஸ் பன்றி இறைச்சியில் பரவவில்லை, மனிதர் மூச்சில் மனிதருக்குப் பரவியது. பெயரைக் கேட்டுத் தண்டனை கொடுத்தார்கள்.


செங்கலடிக்கோழி | புதன், இரவு 8.52

நன்றி. செத்த கோழியை வெறுங்கையால் தொடுவதை இன்றோடு விடுகிறேன். அரைவேக்காட்டு முட்டையையும்.


அடுப்படி | புதன், இரவு 11.50

கல்முனையில் ஓர் உணவகத்தில் கொத்து ரொட்டி போடுகிறேன். கடை பூட்டிய பிறகு இதை எல்லாம் வாசித்தேன். படித்தவர்கள் நிறையச் சொல்லியிருக்கிறீர்கள். ஒருவரும் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன்.

எங்களுக்கு நாட்கூலி. காய்ச்சல் என்று சொன்னால் அன்றைய கூலி இல்லை, மூன்று நாள் சொன்னால் நான்காம் நாள் அந்த இடத்தில் வேறொருவர் நிற்பார். முன்பு நான் வேலை செய்த ஒரு கடையில் எனக்கு வயிற்றோட்டம் என்றேன். முதலாளி இரண்டு குளிசை தந்து, "பின்னால் வெங்காயம் வெட்டு, முன்னால் வராதே" என்றார். நீங்கள் அன்று சாப்பிட்ட கொத்துக்குள் அந்த வெங்காயம்தான் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆசிரியை சொன்ன அந்த அமெரிக்கப் பெண் ஏன் பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி சமைக்கப் போனார்? அதையும் சொல்லுங்கள் டீச்சர்.


ஆரையம்பதி ஆசிரியை | வியாழன், காலை 5.55

விட்டபோது உடுப்புக் கழுவும் வேலைதான் கிடைத்தது தம்பி. சமையலைவிடக் கூலி மிகக் குறைவு. பிறகு சாகும்வரை, 1938 வரை, அவரை அடைத்தே வைத்தார்கள். நேற்று எழுதும்போது இந்தப் பகுதியை நான் விட்டுவிட்டேன். விட்டிருக்கக்கூடாது.


ஓய்வுபெற்ற பரிசோதகர் | வியாழன், காலை 6.30

அடுப்படித் தம்பி சொல்வது முழு உண்மை. உணவுச் சட்டம் 1980இலேயே வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு நாங்கள் அடுப்பைப் பார்த்தோம், ஐஸ்பெட்டியைப் பார்த்தோம், மலசலகூடத்தில் சவர்க்காரம் இருக்கிறதா என்று பார்த்தோம். வருத்தக்காரனுக்கு அன்றைய கூலி கிடைக்கிறதா என்று பார்க்க எங்களுடைய படிவத்தில் கட்டம் இருக்கவில்லை. இப்போது கையுறை போடச் சொல்கிறார்கள். கையுறையோடு காசு வாங்கி, மிச்சம் கொடுத்து, மூக்கைச் சொறிந்து, அதே கையுறையால் றோல்ஸ் எடுத்துத் தருகிறார்கள். வெறுங்கையாக இருந்தால் பிசுபிசுப்புத் தெரிந்து கழுவியாவது இருப்பார்கள்.

மகள் கல்லடிப்பாலம், மூன்றாவது கேள்விக்கு நீங்கள் பதில் சொன்ன வேகம் எனக்குச் சரியாகப் படவில்லை. இன்புளுவென்சா உள்ளவர் குறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரப்பத் தொடங்கிவிடுவார், பிறகும் ஐந்து முதல் ஏழு நாள் பரப்புவார். வெள்ளி, சனியில் வீட்டுக்கு வந்தவர்களை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். சமையற்காரர் பின்பக்கக் கொட்டகையில், மழைக்காற்றில் நின்றவர். அவருக்கும் உங்கள் மாமிக்கும் இடையில் எத்தனை அடி?


கல்லடிப்பாலம் | வியாழன், காலை 9.15

ஐயா, நேற்று மறைத்துவிட்டேன்.

சனிக்கிழமை விடிய வெள்ளவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் அக்காவும் அத்தானும் வந்தார்கள். அத்தானுக்கு அப்போதே மூக்கடைப்பு, தொண்டைக் கரகரப்பு. பஸ் குளிர் என்றார். ஞாயிறு பெரும்பாலான நேரம் வீட்டு மண்டபத்தில் மாமிக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார், மகன் அவருடைய மடியில். நான் இருவருக்கும் இடையில் தேநீர் கொடுத்துக்கொண்டு நின்றேன். திங்கட்கிழமை அவருக்கு 102 பாகை பரனைட் காய்ச்சல். அத்தானைச் சொன்னால் அக்காவுக்கு மனம் நோகும், மாமிக்கு முன்னால் எங்கள் பக்கத்துக்கு இளக்காரம். சமையற்காரரைச் சொன்னால் யாருக்கும் நோகாது என்று நானும் உள்ளுக்குள் நினைத்திருக்கிறேன். எழுதிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.


பழுகாமத்தான் | வியாழன், காலை 9.30

என் வடைக்காரர் நினைவுக்கு வருகிறார். அவரிடம் இன்று பேசுகிறேன்.


விடுதித்தாதி | வியாழன், காலை 9.48

அக்கா, அத்தானையும் திட்டவேண்டாம். தனியறை, திறந்த யன்னல், வெளியே வந்தால் முகக்கவசம், இவ்வளவும் போதும். அவருக்கு மூச்சு வாங்கினாலோ, மகன் நீராகாரம் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ உடனே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். மூவரும் இன்று எப்படி?


கல்லடிப்பாலம் | வெள்ளி, மாலை 6.10

காய்ச்சல் விட்டுவிட்டது. இரத்தப் பரிசோதனையும் செய்தோம், டெங்கு இல்லை. மாமிக்கு இருமல் மட்டும் மிச்சம்.

இன்று பின்னேரம் மீதிக் கூலியை ஓர் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு சமையற்காரர் வீட்டுக்குப் போனேன். மாமியிடம் சொல்லித்தான் போனேன். பார்சல் கதையை மட்டும் நான் சொல்லவில்லை. படலையில் நின்று கூப்பிட்டேன். சால்வையால் போர்த்திக்கொண்டு திண்ணையில் இருந்தார். ஞாயிறு ஏன் இருமினீர்கள் என்று கேட்டேன். மழையில் நனைந்த விறகு, கொட்டகை நிறையப் புகை, அதற்குள் தாளித்த மிளகாய், யாருக்குத்தான் இருமல் வராது என்றார். அவருக்குக் காய்ச்சல் பிடித்தது செவ்வாய்க்கிழமை பின்னேரம். ஞாயிறு பாயசம் கேட்டு அத்தான் கொட்டகைக்குப் போய் அவரோடு வெகுநேரம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தது எனக்கு நினைவு வந்தது.

நான் படலையைத் திறக்கக் கையை வைத்தேன். "அங்கேயே நில்லுங்கள் பிள்ளை, எனக்குக் காய்ச்சல், உங்களுக்கு ஒட்டிவிடும். உறையை மதிலில் வைத்துவிட்டுப் போங்கள்" என்றார்.


களுதாவளை வெற்றிலை | வெள்ளி, இரவு 7.30

மாசியில் எங்கள் பேத்திக்குக் காதுகுத்து. எண்பது பேர் வருவார்கள். அந்தப் பெரியவர் சமைக்க வருவாரா?


கல்லடிப்பாலம் | வெள்ளி, இரவு 7.44

வருவார். எண்ணைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். இந்தக் கிழமை மட்டும் கூப்பிடவேண்டாம், படுத்திருக்கிறார். காய்ந்த விறகாகப் பார்த்து வாங்கி வையுங்கள்.